நீயும் கொஞ்சம் உட்காரம்மா!

ஜவுளிக் கடைக்குப் போய்ப் புடவை எடுத்த அநுபவம் உங்களுக்கு உண்டல்லவா? "இதென்ன கேள்வி!" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. சரி, வேறு விதமாகக் கேட்கிறேன். கடைசியாக நீங்கள் புடவை எடுக்கப் போனபோது, கடைப் பெண் உங்களுக்காக எத்தனை புடவைகளைப் பிரித்துப் போட்டாள்? நாற்பதா? அறுபதா? "இதே வாடாமல்லிக் கலரில் கொஞ்சம் சின்ன பார்டராக இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்டதும், முகம் கோணாமல் திரும்பி, மேல் தட்டிலிருந்து இன்னொரு கட்டை எடுத்துப் போட்டாளே, அவளை நினைவிருக்கிறதா? புடவை நினைவிருக்கும், விலையும் நினைவிருக்கும். அவள் முகம் மட்டும் நினைவிருக்காது. போகட்டும், முகத்தை விடுங்கள். அவளுடைய கால்களைப் பற்றி எப்போதாவது நினைத்ததுண்டா?

நானும் நினைத்ததில்லை. இத்தனைக்கும் அப்படிப்பட்ட ஒரு ஜோடிக் கால்களின் புண்ணியத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். அவை என் அக்காவின் கால்கள்.

2006-ஆம் வருஷம் அப்பா காலமானபோது எனக்கு 16 வயது. அக்காவுக்கு 22. மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் அவளுக்கு 'சேல்ஸ் கேர்ள்' வேலை கிடைத்தது. நாலு மாடிக் கடை. உள்ளே நுழைந்தால் ஏ.சி.யின் குளிர்ச்சி, வாசலில் கும்பிட்டு வரவேற்பதற்கென்றே ஓர் ஆள். "வெயிலா, மழையா? நிழலில் நின்று நாலு துணியை எடுத்துப் போடணும், அவ்வளவுதானே!" என்று அம்மா அக்கம் பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். 'நின்று' என்ற வார்த்தையை அவளும் கவனிக்கவில்லை, கேட்டவர்களும் கவனிக்கவில்லை.

அக்கா காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணி வரை நிற்பாள். நடுவில் அரைமணி நேரம் சாப்பாட்டுக்கு. கடைச் சிப்பந்திகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று நமது ராஜ்யத்தில் 1947-ஆம் வருஷமே சட்டம் ஏற்பட்டுவிட்டது. அது அந்தக் கடையின் கடிகாரத்துக்குத் தெரியாது போலிருக்கிறது! வாடிக்கைக்காரர் யாரும் இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. பக்கத்துப் பெண்ணுடன் பேசினால் சம்பளத்தில் அபராதம். பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிவறை கீழே கோடவுனுக்குப் பின்னால். போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பும் ஜுரமுமாக ஏன் படுத்துக்கொள்கிறாள் என்று எங்களுக்கு வெகு நாள் வரை புரியவில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் கல் உப்பைப் போட்டு, இரண்டு கால்களையும் அதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பேன். அந்த நாற்காலிக்கும் ஒரு கதை உண்டு. முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் அக்கா முதன்முதலில் வாங்கியது அதைத்தான். "படிக்கிற பிள்ளை தரையில் குனிந்து உட்கார்ந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். பன்னிரண்டு வருஷம் அவள் அந்தக் கடையில் வேலை செய்தாள். ஒரு நாளாவது அவளுக்கென்று ஒரு நாற்காலியை அங்கே யாரும் போட்டதில்லை.

நான் படித்து முடித்துச் சென்னைக்கு வந்தேன். பத்திரிகை உத்தியோகம் கிடைத்தது. எழுதுகிறவனுக்கு மூளை களைக்குமோ என்னவோ, முதுகு நிச்சயமாகக் களைக்கும்! 2018 ஆரம்பத்தில், "நாற்காலி சரியில்லை, இடுப்பு வலிக்கிறது" என்று நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். ஒரு வாரத்தில் புது நாற்காலி வந்துவிட்டது. சுழலும், சாயும், உயரும், தாழும். பெருமை தாங்காமல் அன்றிரவே அக்காவுக்குப் போன் செய்து வர்ணித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"ஏண்டா, உட்கார்றதுக்குக்கூட மனுப் போடலாமா?" என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அதுதான் என்னைச் சுட்டது. அன்று முதல் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கால் விஷயம். இருதயம் கீழே அனுப்பும் ரத்தம் பாதம் வரை சுலபமாக இறங்கிவிடுகிறது. திரும்பி மேலே ஏற வேண்டுமே? அந்த வேலையைச் செய்வது நமது கெண்டைக்கால் சதை. நாம் நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, பம்பு போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமலிருக்க ரத்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பம்பு வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது; கால் வீங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் குழாய்கள் தளர்ந்து, கதவுகள் சரியாக மூடாமல், கெண்டைக்காலில் நீல நிறக் கயிறு முறுக்கிக்கொண்டது போலப் புடைத்துவிடும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்கிறோமே, அதுதான். பரம்பரை, பிரசவம், உடல் பருமன் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் நாள் முழுவதும் நிற்கும் வேலை அதைத் துரிதப்படுத்துகிறது. நடப்பதல்ல, சும்மா நிற்பதுதான் காலுக்குத் தண்டனை! பள்ளிக்கூடத்தில் நமது வாத்தியார்களுக்கு இது தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதனால்தான் "ஏறி நில் பெஞ்சு மேலே!" என்றார்கள்.

இரண்டாவதாக நான் படித்தது வெகு தூரத்துச் சமாசாரம். பின்லாந்து என்று ஒரு குளிர்ப் பிரதேசம் இருக்கிறதல்லவா? அங்கே தொழில் ஆரோக்கியத்தை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. 1981-ஆம் வருஷம் அந்த நிலையத்தார், நகரசபை வேலைகளிலிருந்த நடுத்தர வயதுக்காரர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், நர்ஸுகள், சமையற்கட்டு உதவியாளர்கள், துப்புரவு செய்கிறவர்கள் என்று பல தரப்பினரும் அதில் உண்டு. இவர்களில் யார் யாரால் வயது ஏற ஏறத் தெம்புடன் வேலை செய்ய முடிகிறது, யார் யார் முன்னதாகவே ஓய்ந்து போகிறார்கள், ஏன் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பதினொரு வருஷம் கழித்து, 1992-இல், அவர்களிடமே மறுபடி போய்க் கேட்டார்கள்.

கேட்ட கேள்விகளில் முதலாவது மிகவும் எளிமையானது. "உங்கள் ஆயுளிலேயே நீங்கள் மிக நன்றாக வேலை செய்த காலத்துக்கு 10 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு எத்தனை மார்க்?" இதைப் போலவே இன்னும் ஆறு விஷயங்களைக் கேட்டு, 7 முதல் 49 வரை மார்க் போடுகிறார்கள். 28-க்குக் கீழே போனால் ஆபத்து.

படித்த அன்றே அக்காவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"சேர்ந்த புதிதில் பத்து. இப்போ நாலு போட்டுக்கோ" என்றாள்.

"கால் வலியினாலா?"

அக்கா சற்று யோசித்தாள். "கால் வலி ரெண்டு மார்க்தான்டா குறைச்சிருக்கும். பாக்கி நாலு மார்க் மனுஷாளாலே போச்சு."

அக்காவின் கணக்கும் பின்லாந்துக்காரர்களின் கணக்கும் எவ்வளவு தூரம் ஒத்துப் போகின்றன பாருங்கள்! அந்தப் பதினொரு வருஷத்தில் யாருடைய நிலைமை கெட்டதோ, அவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்த காரணங்கள் நாலு. வேலையில் கிடைத்த மதிப்பும் பாராட்டும் குறைந்தது, வேலை செய்யும் இடத்தின் சௌகரியங்கள் குறைந்தது, நின்றுகொண்டே செய்யும் வேலை அதிகமானது, உடற்பயிற்சி குறைந்தது. நிலைமை நன்றாக ஆனவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன நேர்ந்தது? ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை குறைந்தது. வேலை முடிந்த பிறகு நன்றாக உடற்பயிற்சி செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலதிகாரி முன்னைவிட நல்லவராக நடந்துகொண்டார்!

இதைப் படித்ததும் எனக்கு அக்காவின் கடையில் முதலில் இருந்த சூப்பர்வைசர் ஞாபகம் வந்தது. வயதானவர். கடை விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் மத்தியான வேளையில், கூட்டம் குறைந்ததும், "ஸ்டாக் சரி பாரும்மா" என்று ஒவ்வொரு பெண்ணாக அலமாரிக்குப் பின்னால் அனுப்புவார். அங்கே துணிக் கட்டு ஒன்று கிடக்கும். பத்து நிமிஷம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டு வரலாம். நல்ல வியாபாரம் நடந்த நாளில், "இன்னிக்கு உன் கையால பதினெட்டுப் பட்டுப் புடவை போயிருக்கு" என்று எல்லோர் எதிரிலும் சொல்வார். அந்த நாட்களில் அக்கா வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்ன ஊர்க்காரருக்கு இன்ன நிறம் பிடிக்கும், கறுப்பான பெண்ணுக்கு எந்தச் சிவப்பு எடுக்கும் என்றெல்லாம் அவள் அப்போது கற்றுக்கொண்டதுதான்.

அவர் போன பிறகு வேறொருவர் வந்தார். கேமரா வந்தது. அலமாரிக்குப் பின்னாலும் ஒரு கேமரா! அதே கடை, அதே கவுண்டர், அதே சம்பளம், அதே கால்கள். பாட்டு மட்டும் நின்றுவிட்டது. 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். ஜவுளிக் கடைச் சிப்பந்திகளின் கதை அல்லவா? தியேட்டரில் பாதிப் பேர் அழுதார்கள். அக்கா அழவில்லை. "காலையில் ஸ்டாக் எடுக்கணும், சீக்கிரம் போகலாம்டா" என்றாள்.

பின்லாந்து ஆராய்ச்சியில் முக்கியமானவர் யுஹானி இல்மாரினன் என்பவர். அவர் மனிதனுடைய வேலைத் திறனை ஒரு நாலு மாடி வீட்டுக்கு ஒப்பிடுகிறார். அடித்தளம் உடல், மன ஆரோக்கியம். அதற்கு மேலே படிப்பும் தொழில் சாமர்த்தியமும். மூன்றாவது மாடியில் வேலையின் மீதுள்ள பற்று. நாலாவது மாடியில் வேலையும், வேலை நடக்கும் இடமும், மேற்பார்வை செய்கிறவர்களும். வீட்டைச் சுற்றிலும் குடும்பமும் ஊர் உலகமும். உச்சியிலுள்ள மாடியின் பாரம் அளவுக்கு மீறிப் போனால் கீழே உள்ள மூன்றும் நசுங்கும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கீழ் மாடிகளை வேலை செய்கிறவள் ஓரளவுக்குத் தானே பார்த்துக்கொள்ளலாம். நன்றாகச் சாப்பிடலாம், நடக்கலாம், புதிதாகக் கற்கலாம். நாலாவது மாடியின் சாவி அவளிடம் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது.

இது தெரியாமல் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பெண் வேலையில் சோர்ந்து போனால், "உடம்பைக் கவனித்துக்கொள், கீரை சாப்பிடு, யோகாசனம் செய்" என்று அவளுக்கே உபதேசம் செய்கிறோம். 2018 நடுவில் அக்காவின் காலைப் பரிசோதித்த டாக்டரும் அதைத்தான் சொன்னார். "அதிக நேரம் நிற்காதீர்கள். அவ்வப்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நல்ல வைத்தியம்தான். அந்தச் சீட்டைக் கடையில் கொண்டு போய்க் காட்டியபோது, "முடியலைன்னா வீட்டிலேயே இருந்துக்கோங்க" என்று பதில் வந்தது. அக்கா வேலையை விட்டாள். பன்னிரண்டு வருஷத்துச் சாமர்த்தியம், நிறம் பார்க்கும் கண், மனிதரை எடை போடும் புத்தி, எல்லாம் அவளுடனேயே வெளியே வந்துவிட்டன. கடைக்காரருக்கு அது நஷ்டம் என்று தோன்றவில்லை. ஒரு முக்காலியின் விலை என்ன இருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

கடைப் பெண்களுக்கு ஆசனம் வேண்டும் என்பது இன்று நேற்று எழுந்த பிரச்னையல்ல. இங்கிலாந்தில் 1899-ஆம் வருஷமே இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. கடையில் வேலை செய்யும் பெண்களில் மூன்று பேருக்கு ஓர் ஆசனமாவது போட வேண்டும் என்றது அது. நமது தேசத்தில் 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டமும், நின்று வேலை செய்கிறவர்கள் சமயம் வாய்க்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 44-ஆவது பிரிவில் சொல்லிற்று. ஆனால் கடை என்பது தொழிற்சாலை அல்லவே! பழைய நாளில் நமது ஜவுளிக் கடைகளில் இந்தப் பிரச்னையே கிடையாது. தரையில் மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் வியாபாரம் பேசினார்கள். கவுண்டர் வந்தது, விற்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் நின்றவர்கள்தான்.

அவர்களை உட்கார வைக்க ஒரு தையற்காரப் பெண்மணி புறப்பட்டார். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பிரசித்தமான கடைவீதி இருக்கிறது. அங்கே தையல் வேலை செய்தவர் விஜி. கடைவீதிப் பெண்களுக்குக் கழிவறை இல்லாத கஷ்டத்திலிருந்துதான் அவருடைய போராட்டம் ஆரம்பித்தது. 2009-இல் 'பெண்கூட்டு' என்ற சங்கம் பிறந்தது. பிறகு, "உட்காரும் உரிமை வேண்டும்" என்று கேட்டார்கள். 2018-இல் கேரள அரசாங்கம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது. அக்கா வேலையை விட்ட அதே வருஷம்! மூன்று வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், நமது சட்டசபையிலும் அதே மாதிரி மசோதா வந்து நிறைவேறிற்று. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு. சிப்பந்திகள் எல்லோருக்கும் ஆசன வசதி வேண்டும். நாள் முழுவதும் காலில் நிற்கும்படி செய்யக் கூடாது. செய்தியைப் படித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நல்லதுடா. சின்னப் பொண்ணுங்க உட்காரட்டும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2022-இல் என் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். அது வேறு கடை. கவுண்டருக்குக் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் முக்காலிகள் இருந்தன. சட்டம் கடைக்குள் வந்துவிட்டது! ஆனால் அவற்றில் யாரும் உட்காரவில்லை. எங்களுக்குப் புடவை காட்ட வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றாள். அக்கா புடவையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தாள்.

"நீயும் கொஞ்சம் உட்காரம்மா" என்றாள்.

"பரவாயில்லைக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் கண்ணின் ஓரத்தால் சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, கடைக்கே கேட்கும் குரலில், "ஏங்க, இந்தப் பொண்ணு நின்னா எனக்கு வெளிச்சம் மறைக்குது. உட்கார்ந்து காட்டினாத்தான் பட்டு நிறம் சரியாத் தெரியும். உட்காரச் சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் என்ன செய்வார், பாவம்! வாடிக்கைக்காரரின் விருப்பம் அல்லவா? "உட்காரும்மா, உட்காரு" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அக்கா பத்தே நிமிஷத்தில் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அறுபது புடவைகளைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. "முதல் பத்துப் புடவைக்குள்ளே மனசு முடிவு பண்ணிடும்டா. மிச்சம் அம்பதும் வேடிக்கை" என்றாள், படி இறங்கும்போது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சட்டம் முக்காலியைக் கொண்டு வந்து போடும். அதில் உட்காரும் தைரியத்தைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. மேற்பார்வை செய்கிறவர் கொடுக்கலாம். இல்லாவிட்டால், வாங்கப் போகும் நீங்கள் கொடுக்கலாம். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்குக் கடையில் எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே தெரியாது. நாலாவது மாடியின் சாவி முதலாளியிடம் இருப்பதாகச் சொன்னேன். மாற்றுச் சாவி ஒன்று உங்கள் கைப்பையிலும் இருக்கிறது.

கடையோடு நிற்க வேண்டாம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள், வேலை முடிந்ததும் எங்கே உட்காருகிறாள்? மேடை அடுப்பு வந்த பிறகு மணிக்கணக்கில் நின்றுகொண்டே சமைக்கிறீர்களே, உங்கள் சமையலறையில் உங்களுக்கென்று ஒரு முக்காலி இருக்கிறதா? இன்று இரவு ஒரு தடவை பாருங்கள்.

அக்கா இப்போது வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். நிறம் பார்த்து நூல் சேர்ப்பதில் அவளுக்கு இணை கிடையாது என்று தெருவெல்லாம் பேச்சு. தையல் மெஷினுக்கு எதிரே அவள் உட்காருவது எதில் என்கிறீர்கள்? 2006-இல் எனக்கு வாங்கித் தந்தாளே, அதே நாற்காலியில்தான். போன தடவை ஊருக்குப் போனபோது, நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி, "அக்கா, ஒரேயடியாக உட்கார்ந்திருப்பதும் கெடுதல். மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று நாலு அடி நடக்க வேண்டும்" என்று உபதேசம் செய்தேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டா, இப்பத்தான் உட்கார்ந்திருக்கேன். அதுக்குள்ளே எழுந்திருக்கச் சொல்றியே!" என்றாள்.